முதல் பாட்டு

"சிதம்பரத்துல கூட்டம் காத்துக்கிட்டிருக்கும்மா. நடுவுல கடலூர்ல யாரைப் பாக்கணும்?" விழா நடத்தும் மணவாளன் சலிப்புடன் காரை நிறுத்தினார்.

"என் முதல் பாட்டு வெளிய வந்ததே இவுங்களாலதான்," என்றார் பின்னணிப் பாடகி மாலதி.

"பாட்டு டீச்சரா?"

"இல்லீங்க."

"சிபாரிசு பண்ணுனவுங்களா?"

"அப்ப நான் யாருன்னே இவுங்களுக்குத் தெரியாது."

வீட்டுக் கதவைத் திறந்த ஜெயராணியின் காலில் விழுந்தார் மாலதி.

மணவாளனுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப என்னதாம்மா செஞ்சாங்க?"

"பாட மாட்டேன்னுட்டாங்க. அப்ப இவுங்கதான் பெரிய பாடகி. இவுங்க வர்ற வரைக்கும் மாதிரிக்கு நான் ட்ராக் பாடி வச்சிருந்தேன். அதை எடுத்துட்டு இவுங்க குரல்ல பதியணும். நான் பாடுனதைக் கேட்டுட்டு இவுங்க, 'இதுவே இருக்கட்டும்'னு சொல்லிட்டு கார் ஏறிட்டாங்க."

ஜெயராணி சிரித்தார்.

"நீ பாடுனதுக்கப்புறம், அதுல நான் பாட என்னம்மா மிச்சம் இருந்துச்சு?"