வளர்த்தவருக்குக் கொள்ளி

பெரியப்பா சங்கரபாண்டிக்குத் தான்தான் கொள்ளி வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான் நம்பி. களக்காட்டுச் சந்தையில் வாழைத்தார் சுமந்து அவனுக்குச் சோறு போட்டவர்.

"எடுத்து வளத்தா மகனாயிருவியாலே? பங்காளி நாங்க இருக்கோம்லா?" என்றார் பரமசிவம் சித்தப்பா.

"அம்மையும் அப்பனும் செத்தப்ப நான் தொட்டில்ல கிடந்தேன். வருசாவருசம் ஆடி அமாவாசைக்கு அவுகளுக்குப் பாபநாசத்து ஆத்துல எள்ளும் தண்ணியும் விடுதேன். கூட்டிட்டுப் போயி விட வச்சவரே இவருதான். இவருக்கு நான் வைக்காம வேற எவன் வைப்பான்?"

சித்தப்பா அவன் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விலகினார்.

நம்பி வாசலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். சவரக்காரர் தண்ணீர் தெளித்துக் கத்தியை எடுத்ததுதான் தாமதம், பிணத்தின் காலடியில் கிடந்த பெரியம்மா கோமு தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அவன் தலையில கத்தி வைக்காதீய! அப்பன் உசுரோட இருக்கையில மகன் மொட்டை போடலாமா? எங்கயோ கிடக்க அந்த அப்பன் உசுருக்கு ஆகாதுய்யா!"

சொன்ன பிறகுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நம்பி நிமிர்ந்து பார்த்தான். இழவுக்கு வந்திருந்த தெருவே தலையைக் குனிந்து நின்றது.

'எந்த அப்பன்?' என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.