வாய்க்கு வந்த தோட்டம்

"மூணு ஆலையில குடிச்சுப் பார்த்தாச்சு தம்பி, போதும். எங்க தாத்தா தோட்டம் எங்கே? அதைக் காட்டு!"

காரின் முன்சீட்டில் உட்கார்ந்து இப்படி அவசரப்படுத்தியவர் ஒஸ்மார் நக்லே. எண்பதைத் தொடப்போகிற வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரேசில். லெபனானுக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஸஹ்லே வட்டாரத்து ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கத் தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தார். ஆனால் ஒவ்வொரு ஆலையிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, கிளம்பு" என்றார். அவர் வந்தது ஒயினுக்காக இல்லை.

வழிகாட்டி ஜிரியோஸ் காது கேட்காதவன் போலக் காரை ஓட்டினான்.

போனில் பேசும்போது, ஐயா என்பதற்குப் பதில் கவாஜா போட்டு, "ஊர் பேரைச் சொல்லிட்டீங்கல்ல, கவாஜா? விடுங்க, கண்ணைக் கட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போறேன்" என்று வாயை விட்டிருந்தான். போன வாரம் அந்த ஊரில் ரொட்டிக்கடை, சலூன், மாதா கோயில் என்று ஒன்று விடாமல் விசாரித்தான். தோட்டம் வைத்திருக்கிறவர்களையும் கேட்டான். "நக்லேவா? அப்படி ஒரு குடும்பம் இங்கே இல்லையேப்பா" என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அதை இவரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

"எங்கப்பா சாகுற வரைக்கும் இந்தத் தோட்டத்தைப் பத்தியேதான் பேசிட்டிருந்தார் தம்பி. அவருக்குத்தான் கொடுத்து வைக்கலை. நானாவது ஒரு தடவை அந்த மண்ணுல நின்னுட்டா, நிம்மதியா கண்ணை மூடுவேன்."

அந்த ஊருக்குள் சாலை வளைந்தது. சரிவு முழுக்க வெள்ளைத் திராட்சை காய்த்துத் தொங்க, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக ஒரு தோட்டம். ஜிரியோஸ் சட்டென்று பிரேக்கை அழுத்தினான்.

"இதோ! இதுதான் கவாஜா!"

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அதற்குள் பெரியவர் இறங்கிவிட்டார். ஷூவைக் கழற்றி எறிந்தார். மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டார். "அப்பா, வந்துட்டேன்ப்பா" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பக்கத்தில் நிற்க முடியாமல் ஜிரியோஸ் கூனிக் குறுகினான். 'சே, நானெல்லாம் ஒரு மனுஷனா!'

"யாருய்யா அது, கேட்காம கொள்ளாம உள்ளே?"

திராட்சைக் கூடையோடு வந்தார் தோட்டத்துச் சொந்தக்காரர் அபு மிலாத், போன வாரம் கையை விரித்தவர்களில் ஒருவர். ஜிரியோஸ் ஓடிப்போய் முன்னால் நின்று, கண்ணைச் சிமிட்டினான்.

"அபு மிலாத், இவர் பிரேசில்ல இருந்து வந்திருக்கார். ஒஸ்மார் நக்லே. இது இவங்க தாத்தாவோட தோட்டம். உங்களுக்குத்தான் தெரியுமே!"

அபு மிலாத்தின் கையிலிருந்த கூடை நழுவியது. முகத்தில் ஈயாடவில்லை. ஜிரியோஸ் இன்னொரு தடவை சிமிட்டினான்.

மெல்ல நடந்து வந்து பெரியவரைத் தூக்கி நிறுத்தினார் அபு மிலாத். "வாங்க கவாஜா... இது உங்க வீடு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. லப்னே என்கிற கெட்டித் தயிர் வந்தது, ஆலிவ் வந்தது, சுடச்சுட ரொட்டி வந்தது. மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த அரக் சாராய பாட்டிலைக்கூட உடைத்தார் அபு மிலாத்.

"இதெல்லாம் உங்க தாத்தா கையால வச்ச கொடி. நெட்டை நக்லேன்னுதான் அவரைக் கூப்பிடுவாங்களாம்."

பெரியவர் துள்ளினார். "ஆமா, ஆமா! வீட்டு வாசல்ல குனிஞ்சுதான் நுழைவாராம். அப்பா சொல்லியிருக்கார்!"

'அடேயப்பா, என்ன நடிப்பு! குருட்டாம்போக்கில் அடித்தது பலித்துவிட்டதே!' ஜிரியோஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரொம்ப அளக்காதே என்று மேஜைக்கு அடியில் அபு மிலாத்தின் காலை மிதித்தான். அவர் தலை நிமிரவே இல்லை. சிரிப்பை அடக்குகிறார் போல.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் தனியாகக் கொடிகளுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பேசினார். அதைப் பார்க்கப் பார்க்க ஜிரியோஸுக்கு அவமானம் தாங்கவில்லை. அபு மிலாத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. ஆனா இதுக்கு மேல முடியலைங்க. சத்தியமா எது அவங்க தோட்டம்னு எனக்குத் தெரியாது. உங்க தோட்டம் அழகா இருந்துச்சு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். ஒரு வயசான மனுஷனை ஏமாத்தி அழ வச்சுட்டேனே! இப்பவே போய்க் கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிடுறேன்."

அபு மிலாத் அவனை வெறித்துப் பார்த்தார்.

"சும்மா சொன்னியா? கண்ணைக் கண்ணை அடிச்சியே... அப்போ உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"என்ன தெரியணும்?"

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். தலையிலிருந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"போன வாரம் நீ வந்து கேட்டப்போ, அப்படி ஒரு குடும்பமே இல்லைன்னு பொய் சொன்னேன். எங்க வீட்டுல மூணு தலைமுறையா அப்படித்தான் சொல்லிட்டிருக்கோம்." குரல் உடைந்தது. "ஹபீபி, அவங்க தாத்தா கப்பல் ஏறினப்போ, 'நான் திரும்பி வர்ற வரைக்கும் பார்த்துக்கோ'ன்னு எங்க தாத்தா கையில விட்டுட்டுப் போனது இந்தத் தோட்டத்தைத்தான்."