ஒழுகுகிற மூலை

குஞ்சுகளின் பள்ளிக்கூடத்துக் கூரை மழைக்கு ஒழுகியது. புதுக் கூரைக்கு எல்லோரும் ஓலை தர வேண்டும். அதற்கு ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் இறக்கை தூக்க வேண்டும். காக்கை விடாமல் கிளை கிளையாகப் போய் ஆதரவு கேட்டது.

"எனக்கென்ன பிள்ளையா குட்டியா? நான் எதுக்குக்கா தூக்கணும்?" என்று குயில் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காக்கைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகரவில்லை.

"என் கடைக்குட்டி மத்ததுங்க மாதிரி கரையமாட்டான் தங்கச்சி. கூவுவான். அந்த ஒழுகுற மூலையில உக்காந்து உக்காந்து, இப்போ தொண்டை கட்டி, குரலே எழும்பல."

திருப்பிய முகத்தைக் குயில் மெல்லப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பியது.

மறுநாள் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் இறக்கையைத் தூக்கியது குயில்தான். காக்கை அதன் முகத்தைப் பார்க்காமல், அடுத்த கிளையில் தூக்கிய இறக்கைகளை எண்ணப் போனது.