ஆணி பொறுக்குகிறவர்

"ஓட்டாதீங்க டீச்சர். எறங்கி, தள்ளிக்கிட்டே இந்தப் பக்கம் வாங்க. ஓட்டினா டயர் கிழிஞ்சிரும்."

றஞ்சனா ஸ்கூட்டரை விட்டு இறங்கிப் பார்த்தாள். பின்டயர் தரையோடு படிந்துபோயிருந்தது. கூப்பிட்டவர் மண்குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் வளைந்த கம்பி, காலடியில் பெயின்ற் வாளி. வாளி நிறைய ஆணி.

கம்பளையிலிருந்து புசல்லாவைக்குப் போகும் வீதியில் ஒரு வளைவு பெருமழையில் இடிந்து விழுந்திருந்தது. அதைத் திரும்பக் கட்டுகிறார்கள். மேலே சரிந்து கிடந்த மண்ணை டிப்பர்கள் அள்ளிவந்து வீதியோரம் கொட்டும். மண்ணோடு வந்த ஆணியும் தகரமும் வீதியெல்லாம் சிந்திக் கிடக்கும். அங்கே டயர் போகாத ஓட்டோக்காரன் இல்லை.

அவர் ஆணியைக் குறட்டால் இழுத்து, ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி, கைப்பம்பால் காற்றடித்தார். எச்சில் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். இனிமேல் இந்த இடத்தில் வீதியின் நடுவோடு போகச் சொன்னார். வழியில் ஆணி ஏறினால் அதைப் பிடுங்க வேண்டாம், இருக்கிற காற்றும் போய்விடும், மெல்ல உருட்டிக்கொண்டு தன்னிடம் வந்தால் போதும் என்றார்.

றஞ்சனாவுக்கு உள்ளூர ஒரு சந்தேகம். ஆணியைப் போடுகிறவரும் இவர்தானோ? பையிலிருந்து காசை எடுத்து நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மண்குவியலுக்குத் திரும்பிப் போனார். சந்தேகப்பட்டதற்காக அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. இந்தத் தவணையில்தான் மாற்றலாகி இங்கே படிப்பிக்க வந்திருந்தாள். காலையில் போகும்போதும் பாடசாலை விட்டு வரும்போதும் அவர் அங்கேதான் இருப்பார். பெயர் செபஸ்டியன் என்று கேட்டறிந்தாள். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மழை தூறினாலும் தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மண்கட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் உடைத்துப் பார்ப்பார். ஊர் டயருக்காக ஒரு மனிதர் இப்படியும் பாடுபடுவாரா என்று அவளுக்கு மனம் கரையும்.

ஒருநாள் கண்டிக்குப் போனபோது ஒரு பெரிய காந்தம் வாங்கி வந்து கொடுத்தாள். கயிற்றில் கட்டி இழுத்தால் ஆணியெல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று செய்தும் காட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாளும் விரலால்தான் கிளறிக்கொண்டிருந்தார்.

அவளுடைய கணவன் லவன், அந்த வீதி வேலையைச் செய்யும் கம்பனியின் கண்டி அலுவலகத்தில் என்ஜினியர். இரண்டாந்தடவை டயர் போன அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிஞ்ச மண்ணெண்டால் ஆணி, தகரம் இருக்கத்தான் செய்யும்," என்றான் லவன்.

"அதுக்கு ஒரு மனுசன் நாள் முழுக்க வீதியிலை குந்தியிருந்து பொறுக்கிறதே? அந்தாளைப் பார்த்தால் நீங்களும் பேசாமல் இருக்க மாட்டியள்."

அவள் விடவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. கடைசியில் அவன், ஓம், அந்த மண்ணை அங்கையிருந்து எடுப்பிச்சுத் தாறன் என்று ஒத்துக்கொண்டான்.

சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை. வளைவு வந்தபோது றஞ்சனாவுக்கு நம்ப முடியவில்லை. மண்குவியல் இருந்த இடமே தெரியவில்லை. வீதியைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். ஒரு ஆணி இல்லை.

செபஸ்டியன் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பி இருந்தது. வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் செய்த வேலை இல்லாமல் போனதால் திகைத்து நிற்கிறார் என்று அவள் நினைத்தாள்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தன் கணவரிடம் சொல்லிச் செய்வித்தது தான்தான் என்று சந்தோசமாகச் சொன்னாள். "இனி நீங்கள் வெயிலிலையும் மழையிலையும் இருக்கத் தேவையில்லை அண்ணை," என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது.

"மண்ண எங்கங்க கொண்டுபோனாங்க?"

அது அவளுக்கும் தெரியவில்லை. உடனே லவனுக்குப் போன் எடுத்தாள். அவன் வேலை அவசரத்தில் இருந்தான். மண்ணைக் கீழே வீதியைத் தாங்கக் கட்டின மதிலுக்குப் பின்னால் நிரப்பி, ரோலர் விட்டு அமத்தி, நேற்றே மேலே கொங்கிரீட்டும் போட்டாச்சு, இனி ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை என்றான். அவள் அதை அப்படியே செபஸ்டியனிடம் சொன்னாள்.

அவர் வீதியோரத்தில் மெல்ல உட்கார்ந்தார். கம்பியைத் தரையில் வைத்தார்.

"யாரு மேலயும் குத்தமில்லீங்க டீச்சர். ஆணி டயருக்கு ஆகாதேன்னுதான் அத வாளியில போட்டு வச்சேன்," என்றார். "சரிஞ்சது நாங்க குடியிருந்த தோட்டத்து லயமுங்க. மத்தவங்கள எல்லாம் எடுத்துட்டாங்க, எம்மக நதீஷாவத்தான் நான் அந்த மண்ணுல தேடிக்கிட்டிருந்தேன்."