ஐந்து மேஜைக் கடை

மதியம் மணி ஒன்று ஐந்துக்குக் கண்ணாடிக்காரர் சந்துக்குள் நுழைந்தபோது, வரிசை சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருந்தது.

நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான்.

தலைகளை எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு. உள்ளே இருப்பதோ ஐந்தே மேஜை. தலைகீழாக நின்றாலும் ஒன்றரைக்குள் உட்கார முடியாது.

ஒன்றரைக்கு அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாக வேண்டும். அவர் திரும்பி வந்த பிறகுதான் முதலாளி வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்புவார். முதலாளிக்குச் சர்க்கரை வியாதி, பசி தாங்காது.

ஒன்பது வருஷமாக அந்த அரைமணி நேரம் அவருக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

அச்சகத்துக்குப் பின்னால், பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. புதிதாக வருகிறவர்கள் வாசலைத் தவறவிட்டு, சந்து முடிகிற சுவர் வரை போய் அசடு வழியத் திரும்பி வருவார்கள். அடுப்படியில் அக்கா; பரிமாற அக்காவின் வீட்டுக்காரர். சோறு, ஒரு கீரை, வறுத்த மீன். அதோடு சரி. கண்ணாடிக்காரர் கை கழுவிவிட்டு வருவதற்குள் தட்டு மேஜையில் இருக்கும். இவருக்கு வால் துண்டுதான் பிடிக்கும் என்பதுவரை அக்காவுக்குத் தெரியும்.

நாள் முழுக்க, “இது தெரியுதா? இப்போ?” என்று அவர்தான் ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” என்று கேட்க இருந்தது அக்கா ஒருத்திதான். மனைவி போன பிறகு வீட்டு அடுப்பு தேநீருக்கு மட்டுமே எரிந்தது.

வரிசையில் ஒரு முகம்கூடத் தெரிந்த முகமாக இல்லை. ஒரு பெண் காரை உதிர்ந்த சுவரோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் நின்றவர், “நாலாவது கடை இதுதானே?” என்று ஃபோனை நீட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

‘யாருக்கும் தெரியாத பத்து நல்ல கடைகள்’ என்று ஒரு பதிவு. ஏழு வாரமாக ஃபோன் ஃபோனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் ஒருவர் இருவராக வந்தார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு இடம் கிடைக்காமல் போய் இன்றோடு பன்னிரண்டு நாள்.

இன்று ஏனோ திரும்பிப் போகக் கால் வரவில்லை. சுற்றிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார்.

அக்கா சோற்றுக் கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. ஏனம் கழுவப் புதிதாக ஓர் ஆள், கீரை ஆய இன்னோர் ஆள். கால் வைக்க இடமில்லை.

“எங்க தம்பி, ஆளையே காணோம்?”

“கடையில வேலைக்கா.”

“சும்மா சொல்லாத. கூட்டத்தப் பாத்துட்டு நீ திரும்பிப் போறத அவர் பாத்திருக்கார்.” அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “எவனோ எழுதிப் போட்டு உசுர வாங்குறான். ரெண்டு மாசம் முன்னாடி கடைய மூடிட்டு மக வீட்டோட போயிடலாம்னு மூட்டை கட்டினோம். இப்பப் பாரு, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிக்க நேரமில்ல.”

அலுத்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு தெளிச்சியாக அவர் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து அக்காவின் வீட்டுக்காரர், மூன்றாம் மேஜைக்கு நாலு மீன் என்று குரல் கொடுத்தார். வாணலியில் கிடந்ததே நாலுதான்.

“இங்கயே ஒரு ஓரமா உக்காரு, போட்டுத் தரேன். அவங்க கொஞ்சம் பொறுக்கட்டும்.”

“சாப்பிட்டாச்சுக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அக்கா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அதற்குள் வீட்டுக்காரர் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் கண்ணாடிக்காரர் ஒரு பன்னும் தேநீரும் வாங்கினார். நேற்றைய பன். தேநீரில் நனைத்தால்தான் இறங்கியது. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபோனை எடுத்து அந்தப் பதிவைத் திறந்தார்.

பதிவின் மேல் மூலையில் ‘நீக்கு’ என்றிருந்தது. படிக்கிறவர்கள் கண்ணுக்கு அது படாது. எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு நாளாக அந்தச் சொல்லைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டைவிரல் அதற்குப் பக்கத்தில் போய் நின்றது.

கீழே புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது. யாரோ ஒரு பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை மாமியார், பிள்ளைகளோடு ஏழு பேர் வருவதாக இருக்கிறார்களாம். கூட்டம் சேர்ந்தால் கைப்பக்குவம் கெட்டுப்போகும் என்கிறார்களே, அந்த நாலாவது கடை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

மணி ஒன்று இருபத்திரண்டு.

கடைசித் துண்டு பன்னை வாயில் போட்டுக்கொண்டு, விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

‘கொஞ்சமும் மாறவில்லை. இன்றைக்கும் அங்கேதான் சாப்பிட்டேன். தைரியமாக வாருங்கள்.’