புள்ளி ஆடுகிறதாம்

அநியாயம் நடந்தது சிவப்புப் புள்ளிக்கு. குறி தப்பிய குண்டுக்கெல்லாம் அவள் ஆடியதுதான் காரணம் என்று பழி போட்டார்கள்.

அவள் வேலை என்ன? கைத்துப்பாக்கியின் மேலிருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒளிப்பொட்டாக நின்று, குண்டு எங்கே போகும் என்று காட்டுவது. அவ்வளவுதான். சுடக் கற்றுக்கொண்டிருந்த கையோ, ஒவ்வொரு முறையும் விசையை வெடுக்கென்று இழுத்தது. துப்பாக்கி தலை குனிந்தது, குண்டு குறி அட்டையின் அடியோரத்தில் போய்ப் பட்டது. உடனே கை, கண்ணாடியின் திருகைத் திருகிப் புள்ளியை நகர்த்தி வைக்கும். அடுத்த குண்டும் தப்பும். மறுபடியும் திருகு. இதில் அவள் தப்பு எங்கே வந்தது?

"ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதா உனக்கு? இப்படியே ஆடினால் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவேன்" என்றது கை.

புள்ளி வருவதற்கு முன் குறி பார்க்க உதவிய இரும்புக் குமிழ், துப்பாக்கிக் குழாயின் முனையிலிருந்து ஒத்து ஊதியது. "என் காலத்தில் கை நடுங்குகிறது என்று ஒரு பேச்சு உண்டா? நீ வந்தாய், நடுக்கமும் வந்தது. கொஞ்சம் அனுசரித்துத்தான் போயேன் அம்மா."

விளக்கிச் சொல்லிச் சொல்லியே புள்ளி அலுத்துப்போயிருந்தாள். பேட்டரியும் தீர்ந்துகொண்டிருந்தது.

"கடைசியாகக் கேட்கிறேன், ஆடாமல் இருப்பாயா, மாட்டாயா?" என்றது கை.

"என்னை மேசைமேல் வைத்துவிட்டு நீ கொஞ்சம் தள்ளி நில்," என்றாள் புள்ளி. "ஆடுகிறேனா பார்."