முழங்காலோடு நிற்கும் கம்பி

ஜிம் ஜன்னல் வெயிலில் சாக் பொடி மிதக்கிறது. பவர்லிஃப்டிங் போட்டிக்கு இன்னும் இரண்டே வாரம். பஸ் ஓட்டுகிற அக்கா குனிந்து எடை பூட்டிய கம்பியை இழுக்கிறாள். முழங்கால்வரை வந்த கம்பி இன்றும் அங்கேயே நின்று, தடாலென்று தரையில் விழுகிறது. “சனியன், இந்த ஒரு ஜாண்தான் ஏற மாட்டேங்குது!” பயிற்சி கொடுக்கும் தம்பி தயங்கித் தயங்கிச் சொல்கிறான்: “இன்னைக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாங்க்கா.” “அங்க மேடையிலயும் வந்து குறைச்சுக் குடுப்பியா?” அவன் பக்கத்துக்கு ஒரு எடைத் தட்டைக் கழற்றுகிறான். அவள் மறுபடி குனிகிறாள். கம்பி பூப்போல இடுப்புக்கு வந்துவிடுகிறது. “அப்படிப் போடு! போதுங்க்கா, இறக்குங்க.” அவள் இறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரையே முறைத்தபடி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.